கீர்த்தியும் சம்பளத் தேதியும்



சென்ற ஆண்டுகளில் இந்த நினைவு அறக்கட்டளையின் ஆண்டுச் சொற்பொழிவு மேடையில் குறளைப் பற்றியும் சைவ சித்தாந்தத்தைப் பற்றியும் பேசிய வித்துவான்களின் வரிசையில் வந்து நின்றுகொண்டு, பந்தாட்டக்காரர்கள் ஏன் ஊர் மாறுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நான் அறிவித்தால், முன்வரிசையில் அமர்ந்திருப்போரில் சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது இயற்கையே. ஆயினும், திறமையுடையவன் ஒருவன் தன்னை வளர்த்த சிற்றூரை விட்டுப் பேரூருக்குப் போவது ஏன் என்ற கேள்வி நம் இலக்கியத்துக்குப் புதியதன்று. மூவேந்தரின் தலைநகரங்களும் வாயில் திறந்து காத்திருக்க, முந்நூறு ஊர்களுக்கு மட்டுமே தலைவனான பாரியிடம், அந்தப் பறம்பு மலையில், கபிலர் ஏன் தங்கினார் என்பதும், பாரி மாண்ட பின்பு சேரன் செல்வக்கடுங்கோ வாழியாதனை நாடி ஏன் சென்றார் என்பதும் புலவர்கள் இன்றளவும் ஆராயும் விஷயங்களே. நான் அதே கேள்வியைத் திடலுக்கு எடுத்துச் செல்கிறேன்; அவ்வளவுதான்.

இரண்டு வாரங்களுக்கு முன் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் ரயிலுக்காகக் காத்திருந்தேன். அருகில் பதின்மூன்று அல்லது பதினான்கு வயதுள்ள நம் பையன் ஒருவன், தொடைவரை தொங்கும் மஞ்சள் ஜெர்சி அணிந்து, கையில் பந்தோடு நின்றிருந்தான். முதுகில் 23 என்ற எண். புக்கிட் பாடாக்கில் இறங்க வேண்டும் என்றான். பேச்சுக் கொடுத்தேன்.

“தம்பி, இது எந்த அணி?”

“லேக்கர்ஸ், அங்கிள்.”

“எந்த ஊர்?”

“லாஸ் ஏஞ்சலிஸ்.” பதில் உடனே வந்தது.

“சரி, மில்வாக்கி?”

அவன் சிறிது யோசித்தான். “அது யானிஸ் இருந்த டீம்தானே அங்கிள்? ஊரா அது?”

இந்த ஒரு வினாவில் என் சொற்பொழிவின் பாதி அடங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் அவனுக்கு ஓர் ஊர். அங்கே யார் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அது ஊராகவே இருக்கும். மில்வாக்கியோ ஒரு மனிதன் ஆடியதால் மட்டுமே அவன் காதில் விழுந்த பெயர்.

கூடைப்பந்து பிறந்தது பேரூரில் அன்று என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், இளைஞர் கிறித்தவ சங்கத்தின் பயிற்சிக் கூடத்தில், 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வெளியே போய் விளையாட முடியாத வாலிபர்களை உள்ளேயே ஓடியாட வைப்பதற்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் பீச் பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் அறைந்து வைத்தார். கூடைக்கு அடிப்பாகம் இருந்தபடியால் பந்து விழுந்தபோதெல்லாம் எடுத்துத்தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அதே சங்கத்தின் கட்டடம் ஒன்று இந்தப் பிரிக்பீல்ட்ஸிலும் இருக்கிறது. உங்களில் பலர் அங்கே மொழி படித்திருப்பீர்கள், பூப்பந்தும் ஆடியிருப்பீர்கள். அச்சங்கத்தின் சார்பிலேயே ஹாரி குரோ பக் என்பவர் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆக, இந்த ஆட்டம் நமக்கு அந்நியமன்று. அதன் இன்றைய கணக்கு வழக்குகள்தாம் அந்நியம்.

அந்தக் கணக்குகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். லேக்கர்ஸ் என்ற பெயருக்கு ஏரிகளோடு சம்பந்தம் உண்டு. ஆனால் லாஸ் ஏஞ்சலிஸ் ஏரிகளுக்குப் பேர்போன ஊரன்று. அந்த அணி முதலில் இருந்தது ஆயிரக்கணக்கான ஏரிகளையுடைய மின்னசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ் நகரில்; 1960-இல் அணியே மூட்டை கட்டிக்கொண்டு சினிமாப் பட்டணத்துக்குக் குடிபோயிற்று, பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அணிகளே இப்படி நடந்துகொண்டிருக்க, ஆட்டக்காரனை மட்டும் நன்றிகெட்டவன் என்று ஏசுவது எனக்கு ஒருபோதும் உடன்பாடாக இருந்ததில்லை.

1971-இல் மில்வாக்கிக்கு வாகை சூட்டிய கரீம் அப்துல் ஜப்பார், நான்கே ஆண்டுகளில் தம்மை வேறு ஊருக்கு அனுப்பிவிடும்படி தாமே கேட்டு, 1975-இல் லாஸ் ஏஞ்சலிஸ் சேர்ந்தார். பணத்தாசை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவர் இஸ்லாத்தைத் தழுவியவர், வாசிப்பிலும் இசையிலும் ஈடுபாடுடையவர். தம் சமயத்துக்கும் பண்பாட்டுக்கும் அந்த ஊரில் துணையில்லை என்பதே அவர் சொன்ன காரணம். இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகள்தாம் நினைவுக்கு வந்தன. கிழக்குக் கரை ரயில்பாதையில் ஏதோவொரு காட்டு நிலையத்துக்கு மாற்றலாகிப்போன நம்மவர் ஒருவர், ஆண்டுதோறும் மேலதிகாரிக்கு மனு எழுதி, ‘நூறு குவார்ட்டர்ஸ்’ பக்கம் எப்படியாவது திரும்பிவந்துவிட வேண்டும் என்று தவித்தாரென்றால், அது கோலாலம்பூரின் விளக்குகளுக்காகவா? பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி, மனைவிக்குக் கோயில், தனக்கு மாலையில் நாலு வார்த்தை பேச ஒரு தமிழ்முகம் — இவற்றுக்காகத்தான். பெருநகரம் என்பது பலருக்குத் தம் இனத்தார் கூடியிருக்கும் இடம் என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

இனி அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் சட்டத்துக்கு வருகிறேன். விஷயத்தின் மர்மம் அங்கேதான் இருக்கிறது. 1997-இல் மின்னசோட்டா அணி, கெவின் கார்னெட் என்ற இருபத்தொரு வயது இளைஞருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 126 மில்லியன் டாலர் தர ஒப்பியது. பெரிய பட்டணம் ஒன்று விலைபேசி எடுத்துப்போவதற்கு முன்னால், குளிர்ப்பிரதேசத்து ஊர் ஒன்று பணத்தை அள்ளிவீசித் தன் பிள்ளையைத் தக்கவைத்துக்கொண்டது என்றே அதைச் சொல்லவேண்டும். அணி முதலாளிகள் அஞ்சிப்போனார்கள். 1998–99 பருவத்தில் ஆட்டங்களையே பல மாதம் நிறுத்திவைத்து, கடைசியில், எந்தத் தனி ஆட்டக்காரனுக்கும் இவ்வளவுக்கு மேல் கொடுக்கலாகாது என்று உச்சவரம்பு ஒன்றை நிர்ணயித்தார்கள். சிற்றூர் அணிகளைக் காப்பதற்காக என்று சொல்லப்பட்ட அந்த விதியே சிற்றூர் அணிகளின் கையிலிருந்த ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிக்கொண்டது என்பது என் அபிப்பிராயம். எந்த ஊருக்குப் போனாலும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றே என்று ஆகிவிட்டால், அப்புறம் ஆட்டக்காரன் எதைப் பார்ப்பான்? கடற்கரையைப் பார்ப்பான், காலணிக் கம்பெனியின் விளம்பரத்தைப் பார்ப்பான், சினிமாக்காரர்களின் சகவாசத்தைப் பார்ப்பான், எந்த ஊரில் நண்பன் ஆடுகிறான் என்று பார்ப்பான். முன்பு சம்பளத்தைக் கூட்டிக்கொடுத்து ஈடுசெய்யக்கூடியதாக இருந்த ஊரின் குறை, இப்போது ஈடுசெய்ய முடியாத குறையாகிவிட்டது.

2010-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லெப்ரான் ஜேம்ஸ், தாம் பிறந்த ஆக்ரனுக்குப் பக்கத்திலுள்ள கிளீவ்லண்டை விட்டு மயாமிக்குப் போவதைத் தொலைக்காட்சியில் ஒரு முழுநீள நிகழ்ச்சியாகவே அறிவித்தபோது, கிளீவ்லண்டில் ஜனங்கள் அவருடைய ஜெர்சிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். மயாமியில் மாநில வருமான வரி கிடையாது, ஆகையால் போனார் என்று கணக்கர்கள் சொன்னார்கள். அப்படியானால், 13 சதவிகிதத்துக்கும் மேல் உச்ச வரி வாங்கும் கலிபோர்னியாவுக்கு அவரே 2018-இல் ஏன் போனார்? கணக்கர்களுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. இடையில் 2014-இல் கிளீவ்லண்டுக்குத் திரும்பி, 2016-இல் அந்த ஊருக்கு 52 ஆண்டுகளில் முதல் வாகையை வாங்கிக்கொடுத்தார் என்பதையும், கொளுத்தியவர்களே புதிய ஜெர்சி வாங்கிக்கொண்டார்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

தமிழ்நாட்டுச் சங்கீதத்திலும் இதுவே நடந்தது. காவிரிக் கரையில் கோயிலையும் மடத்தையும் மிராசுதாரையும் நம்பியிருந்த வித்துவான்கள், இசைத்தட்டுக் கம்பெனியும் சபாக்களும் வானொலி நிலையமும் சென்னையில் வந்து சேர்ந்தவுடன், ஒருவர் பின் ஒருவராக மயிலாப்பூர்ப் பக்கம் வீடு பார்த்தார்கள். தஞ்சாவூர் ஜில்லா அவர்களைப் பெற்று வளர்த்தது. கச்சேரி கேட்டது சென்னை. மியூசிக் அகாடமி 1928-இல் தோன்றிய பின் மார்கழி மாதத்தில் சென்னையில் பாடாத பாடகர் பாடகரே இல்லை என்ற நிலை வந்துவிட்டது. சுரம் ஒன்றே, ராகம் ஒன்றே. ஆனால் எங்கே பாடினால் நாலு பேர் காதில் விழும், நாளைப் பத்திரிகையில் வரும் என்பது ஊரைப் பொறுத்தது.

இப்பொழுது நம் மண்ணுக்கு வருவோம். இங்கே நம் ஜனங்களின் உயிர் கூடைப்பந்தில் இல்லை, காற்பந்தில் இருக்கிறது. கூடைப்பந்தைச் சீனப்பள்ளிகள் போற்றி வளர்த்தன. மலேசியா டிராகன்ஸ் அணி ஆசியான் லீக்கில் வென்றபோது நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்? காற்பந்தோ தோட்டத்துத் திடலில் மாட்டையும் பந்தையும் ஒருசேர விரட்டிக்கொண்டு நாம் கற்றது.

என் வாலிபப் பருவத்தில் கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் எங்கள் அணிக்கு ஒரு நடுத்திடல் ஆட்டக்காரன் இருந்தான். அவனைப்போல் இடதுகாலால் பந்தை நிறுத்தக்கூடியவனை நான் அப்புறம் பெரிய அரங்குகளிலும் அதிகம் பார்த்ததில்லை. காலையில் பால்மரம் வெட்டிவிட்டு, மாலையில், விரல்களில் பால் காய்ந்து கறுத்திருக்க, அப்படியே ஆட வருவான். கோலாலம்பூரில் ஒரு வங்கி அவனை அணிக்கு எடுத்து, கடைநிலை ஊழியனாக வேலையும் கொடுத்தது. விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நாங்கள் எல்லோரும் தோட்டத்து வாசலுக்குப் போனோம். காலணி இரண்டையும் கயிற்றால் முடிச்சுப்போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கிருந்த ஒரே நகை அதுதான். “பட்டணத்துல லைட்டு வெளிச்சத்துல ஆடப் போறடா” என்று நாங்கள் கேலி செய்தோம். அவன் சொன்னான்: “லைட்டு கிடக்கட்டும்டா. மாசம் பொறந்தா சம்பளம், அதுல சேமநிதி வேற பிடிக்கிறாங்க. எங்கம்மாவுக்கு அது போதும்.”

கெவின் கார்னெட்டின் ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்த அன்றும் லெப்ரானின் தொலைக்காட்சி அறிவிப்பைப் பார்த்த அன்றும் இந்த வாக்கியமே என் காதில் ஒலித்தது.

1989-இல் அரைத் தொழில்முறை லீக் தொடங்கும் வரையில் இந்நாட்டில் காற்பந்து என்பது உத்தியோகத்துக்கு ஒரு வழியாகவே இருந்தது. வங்கிகளும் மின்சார வாரியமும் ரயில்வேயும் அரசாங்க இலாகாக்களும் அணி வைத்திருந்தன. அவற்றின் தலைமை அலுவலகங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருந்தன. ஆகவே ஆட்டக்காரனும் இங்கே வந்தான். சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தெற்கு ரயில்வேயும் கூடைப்பந்தில் செய்தது இதைத்தான். சிலாங்கூர் அணி மலேசியக் கிண்ணத்தை 33 முறை வென்றதற்கு அந்தச் சிவப்பு மஞ்சள் சட்டையின் மகிமை மட்டும் காரணமன்று. ஸ்பைடர்மேன் என்று பெயர்பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம், தற்காப்பில் மலைபோல் நின்ற சந்தோக் சிங், எல்லோருக்கும் மேலாக மொக்தார் டஹாரி என்று ஒரு தலைமுறையே மெர்டேகா அரங்கில் கூடியதற்குப் பின்னால், அந்த அரங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேலைவாய்ப்புகள் இருந்தன. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் மறைந்தபோது இந்தப் பள்ளத்தாக்கு அழுதது. அந்தக் கண்ணீர் உண்மையானது.

அதே காலத்தில் சிங்கப்பூரின் ஃபண்டி அகமது கோலாலம்பூர் அணிக்கு வந்து மலேசியக் கிண்ணம் வென்றார். கோலாலம்பூர் 1987, 1988, 1989 என்று மூன்றாண்டுகள் தொடர்ந்து அதைக் கைப்பற்றியது. ஆனால் அவரே பின்னர் பகாங்குக்குச் சென்று 1992-இல் லீக்கையும் கிண்ணத்தையும் ஒருசேர அந்த அணிக்குத் தேடிக்கொடுத்தார். பகாங் ஒன்றும் பளபளப்பான சந்தையன்று. அங்கே அவரை விரும்பி அழைத்தவர்கள் இருந்தார்கள், சொன்னபடி நடந்துகொண்டார்கள்.

விந்தை இதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. நான் சிலாங்கூர்க்காரன், ஆகையால் சற்று வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. இரட்டைக் கோபுரமும், பெரிய தொலைக்காட்சி நிலையங்களும், விளம்பரக் கம்பெனிகளும் எல்லாம் இங்கே இருக்க, 2013 முதல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் தெற்கே ஜொகூர் பாருவுக்குப் போகிறார்கள். சிலாங்கூரிலிருந்து சாஃபிக் ரஹிம் போனார். நெகிரி செம்பிலானில் தொடங்கிச் சிலாங்கூருக்கு வந்த நம் எஸ். குணாலனும் போனார். ஜொகூர் இளவரசர் துங்கு இஸ்மாயிலின் தலைமையில் புதுப்பிறவி எடுத்த ஜொகூர் டாருல் தாக்சிம் அணி, 2014 தொடங்கி 2024–25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் வாகை சூடியிருக்கிறது. 2015-இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தைத் தென்கிழக்காசியாவுக்கு முதன்முதலில் கொண்டுவந்ததும் அந்த அணியே. 2020-இல் 40,000 பேர் அமரும் சுல்தான் இப்ராஹிம் அரங்கத்தை அது திறந்த அந்த வருஷத்திலேயே, 80,000 பேர் அமர்ந்த எங்கள் ஷா ஆலாம் அரங்கம் பழுதுபட்டு மூடிக்கிடந்தது. இப்போது இடித்தே விட்டார்கள்.

அரச குடும்பத்தின் பக்கபலம் உள்ள அணியைச் சிறிய அணி என்று சொல்வது நியாயமாகாது. பணம் அங்கே அதிகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆட்டக்காரர்களோடு பேசிப் பாருங்கள். தொகையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால், தேதியைப் பற்றி மூன்று வார்த்தை சொல்வார்கள். இந்நாட்டு லீக்கில் சம்பள பாக்கி என்பது ஆண்டுதோறும் பத்திரிகையில் வரும் பழைய செய்தி. மூன்று மாதம், ஐந்து மாதம் என்று சம்பளம் தங்கிப்போய், சேமநிதிச் சந்தாவும் கட்டப்படாமல், வீட்டுக்கடனுக்கு வங்கி ஆள் வந்து நிற்க, சனிக்கிழமை மாலையில் திடலில் இறங்கி ஓட வேண்டும் என்றால் எவன் ஓடுவான்? 2022-ஆம் ஆண்டின் முடிவில், கணக்குகள் சரியில்லாமையால், இரண்டு அணிகளுக்கு அடுத்த பருவத்துக்கான உரிமமே மறுக்கப்பட்டது. இப்படிப்பட்ட சூழ்நிலையில், ஜொகூரில் மாதம் பிறந்த தேதிக்குச் சம்பளம் வந்துவிடும் என்ற ஒரு பேச்சு நிலைபெற்றுவிட்டதே, அதன் முன்னால் இரட்டைக் கோபுரம் எம்மாத்திரம்! அமெரிக்காவில் சம்பளம் வருமா என்ற பயம் ஆட்டக்காரனுக்கு இல்லை. ஆகவே அவன் கடற்கரையைப் பற்றி யோசிக்கிறான். நம்மவனுக்குக் கடற்கரை பிறகு.

இதே 2022-இல் நமக்கு மிக நெருங்கிய இன்னொன்றும் நடந்தது. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் முயற்சியில் மிஃபா என்ற பெயரில் எழுந்த அணி, படிப்படியாக ஏறி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற புதிய பெயரோடு சூப்பர் லீக்கில் நுழைந்தது. பி. மணியம் போன்ற பயிற்றுநர்களின் கீழ், தோட்டப்புறங்களிலிருந்தும் பட்டணத்து அடுக்குமாடிகளிலிருந்தும் வந்த நம் பிள்ளைகள் பலருக்கு அது வாசலாக இருந்தது. கடைசிக் காலத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர் இளைஞர்களை மட்டுமே வைத்து ஆடிய அணி அது. பளபளக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கின் நட்டநடுவில், கெலானா ஜெயாவில், 25,000 பேர் அமரக்கூடிய அரங்கில் அது ஆடியது.

நான் அங்கே போயிருக்கிறேன். கடலை விற்பவர் ஒரே வரிசையில் இரண்டு முறை நடந்து, பிறகு தாமே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். பயிற்றுநர் திடலோரத்தில் நின்று தமிழில் அதட்டியது மேல்வரிசையில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது, அவ்வளவு அமைதி. மொழி தெரியாத எதிரணி ஆட்டக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அதே அரங்கில் சிலாங்கூர் ஆடும் நாளில் உள்ளே நுழைய இடமிருக்காது, அந்தக் கூட்டத்தில் நம்மவர்களும் ஏராளம். பெட்டாலிங் ஜெயாக்காரர்கள் தங்களைச் சிலாங்கூர்க்காரர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நம் இனத்தாரோ, அணி நம்முடையது என்று பெருமைப்பட்டுக்கொண்டார்களே ஒழிய, டிக்கெட் வாங்கவில்லை. அந்தப் பருவத்தோடு அணி லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. தலைநகரை ஒட்டியே இருந்தும் அது சிற்றூர் அணியாகத்தான் வாழ்ந்து மறைந்தது என்பேன்.

அந்த ரயில்நிலையத்துப் பையனுக்குத் தெரியாத மில்வாக்கிக்கு ஒரு வார்த்தை பாக்கியிருக்கிறது. உச்சவரம்பு விதியில் பின்னாளில் சில தளர்வுகள் செய்து, தானே வளர்த்த ஆட்டக்காரனுக்குச் சொந்த அணி மட்டும் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று வழிவிட்டார்கள். அதன்படி 2020 டிசம்பரில் யானிஸ் அந்தெதொகூன்போ ஐந்து ஆண்டுகளுக்கு 228 மில்லியன் டாலருக்கு அங்கேயே தங்கக் கையெழுத்திட்டார். மறுவருஷமே இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்து, ஐம்பது வருஷம் காத்திருந்த அந்த ஊருக்குக் கோப்பையைக் கொடுத்தார். டிம் டங்கன் 19 பருவங்களையும் சான் அந்தோனியோவிலேயே ஆடி முடித்தார். பாரியைப்போன்ற தலைவன் கிடைத்தால் கபிலரும் தங்குவார்.

இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் ஒரு விண்ணப்பம் வைத்துவிட்டு அமர்கிறேன். ஆண்டுக்கொரு சொற்பொழிவுக்கு ஆகும் மண்டபச் செலவும், மாலையும், பொன்னாடையும், எனக்குத் தரப்போகும் சன்மானமும் சேர்ந்தால் கணிசமான தொகையாகிறது. என் பங்கை நான் இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அதை வைத்துக்கொண்டு, கிள்ளான் வட்டாரத்தில் ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் மாலைதோறும் பிள்ளைகளுக்குப் பந்தாட்டம் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர் ஒருவருக்கு ஒரு சிறு சம்பளம் ஏற்படுத்துங்கள். தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று அவர் கையில் சேர்ந்துவிட வேண்டும்.